செபாஸ்தியம்மாள் குடிக்காத முதல் கிளாஸ்

மதுவிலக்கு இருந்ததால் திண்டுக்கல்லில் அப்போது யாரும் குடிக்கவில்லை என்று நினைப்பவர்கள் சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தவர்கள். எனக்குத் தெரிந்தே ஊருக்குள் ஏழெட்டு இடங்கள் இருந்தன. பிரியாணிக் கடை ஒன்றின் பின்கட்டில் டீ டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். ‘ஆறின டீ’ என்று கேட்க வேண்டும். டூரிங் டாக்கீஸுக்குப் பக்கத்தில் ஒரு சோடாக் கடை. இடைவேளை மணி அடித்ததும் பாதிக் கூட்டம் அங்கேதான் நிற்கும். படத்தின் பின்பாதியை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ தெரியாது. தச்சுப் பட்டறைப் பக்கம் போனால், மேஜைக்குப் பூசுகிற பாலீஷில் உப்பைப் போட்டுக் கலக்கி, திரண்டு வரும் அரக்கை எறிந்துவிட்டு, மிச்சத்தை வடிகட்டிக் கொடுப்பார்கள். அதைக் குடித்தவனுக்கு மறுநாள் உதடு வெந்திருக்கும். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு தடவையாவது போயிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க் வேலை, மாதச் சம்பளம், சாணார்பட்டியில் பெண்டாட்டி பிள்ளைகள், திண்டுக்கல்லில் தனி அறை. ஒரு மனிதன் கெட்டுப்போக இவ்வளவு வசதி போதும்.

ஆனால் நம்பிப் போன இடம் ஒன்றுதான். அது செபாஸ்தியம்மாள் வீடு.

தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் பின்னால், எந்நேரமும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறும் ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. அந்த நாற்றம்தான் அவளுக்குக் காவல். சாராய வாசனை சந்து முனைக்கு எட்டாது. வேலியில் நீலச் சேலை காய்ந்தால் உள்ளே வரலாம், சேலை இல்லையென்றால் போலீஸ் நடமாட்டம் என்று அர்த்தம். உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு அரிக்கேன் விளக்கு, சுவரில் மாதா படம். மாதா படத்துக்கு ஒரு சின்னத் திரை போட்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் முதல் பாத்திரத்தைத் திறப்பாள். வெஞ்சனமாகக் குடல் வறுவல், அவித்த மொச்சை. பூட்டுப் பட்டறை ஆட்கள், தோல் வேலை ஆட்கள், காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள், இவர்களுக்கு நடுவே சட்டை மடிப்பு கலையாமல் நான். எட்டரை மணிக்கு மேல் யாரையும் உட்கார விட மாட்டாள். சண்டை போட்டவனுக்கு ஒரு மாதம் கதவு கிடையாது.

சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவளுடையது. தோல் கொட்டகையில் வேலை பார்த்தவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதன்தான், குடி மட்டும் உண்டு. மதுவிலக்கு வந்த இரண்டாம் வருடம் எங்கேயோ எதையோ குடித்துவிட்டு வந்து, மறுநாள் மத்தியானம் “விளக்கை ஏன் அணைச்ச?” என்று கேட்டானாம். விளக்கு எரியவே இல்லை, நல்ல வெயில். அன்று இரவே போய்விட்டான். பிள்ளை கிடையாது. அதற்கு ஆறு மாதம் கழித்து அவளே சாராயம் விற்க ஆரம்பித்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷனைக் கொன்ற சாராயத்தையே விற்கிறாளே என்று பேசியது. நானும் ஒருநாள் போதையில் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“குடிக்காதன்னா எவன் கேக்குறான் அப்பு? கெட்டதக் குடிக்காம இருக்கட்டும். என் வீட்டுல குடிச்சவன் எவனும் சாகக் கூடாது. அம்புட்டுத்தான்.”

அதற்காகத்தான் முதல் கிளாஸ் வழக்கம். சிறுமலை அடிவாரத்திலிருந்து அழகர் என்ற ஆள் சைக்கிள் டியூபில் சரக்கைக் கொண்டுவருவான். புதுச் சரக்கு எது வந்தாலும் முதல் கிளாஸை எல்லோர் கண் முன்னாலும் அவளே குடிப்பாள். குடியில் ஆசை கிடையாது. மருந்து குடிக்கிற முகத்தோடுதான் குடிப்பாள். பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் வெறும் மொச்சையைக் கொறித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருப்போம். அவள் எழுந்து அடுத்த கிளாஸை ஊற்றினால்தான் எங்களுக்கு. உண்மையில் அந்த ஒரு மணி நேரம் எங்கள் மனசாந்திக்கு. அவளுக்கு நாக்கு நுனியில் பட்டாலே போதும். இரண்டு தடவை நான் இருக்கும்போதே வாயில் வைத்ததும் துப்பிவிட்டு, டியூப் முழுவதையும் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். நஷ்டம் யாருக்கு என்று யோசித்தவளில்லை. பத்து வருடத்தில் அவள் வீட்டில் குடித்த ஒருவனுக்குக்கூட வயிற்றுவலி வந்ததில்லை.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. தவக்காலம் நாற்பது நாளும் சாராயத்தைத் தொட மாட்டாள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்ததும் நீலச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தால், ஈஸ்டர் முடிந்துதான் வெளியே எடுப்பாள். அந்த நாற்பது நாளும் நாங்கள் அநாதைகள்.

1961ஆம் வருடம் அந்த வழக்கத்தை உடைத்தவன் நான்.

அந்தத் தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே பூட்டுப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் பாலீஷைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எனக்கு வாய் ஊறிக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை. அதை மறைத்துக்கொண்டு, அவர்களைக் காரணம் காட்டி அவளிடம் போய் நியாயம் பேசினேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், பேசத் தெரிந்தவன். அந்த நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

“நீங்க நோன்புன்னு கதவச் சாத்திக்கிட்டீங்க. இவனுக கண்டதக் குடிச்சுச் சாகப் போறானுக. அந்தப் பாவம் யாரச் சேரும்க்கா?” என்றேன்.

அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்திருந்தேன்.

“நான் வாயில வைக்க மாட்டேனே. மொதக் கிளாஸு யாரு குடிக்கிறது?” என்று கேட்டாள்.

அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. பக்கத்தில் பொம்மையன் நின்றிருந்தான். பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவன், முப்பத்தைந்து வயது, காத்திரமான உடம்பு, நல்ல குரல். இரண்டு கிளாஸ் உள்ளே போனால் நாடகப் பாட்டாகப் பாடுவான். “பொம்மையன் குடிக்கட்டும். கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு” என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ், அதுவும் இலவசமாக. பெரிய கௌரவம் கிடைத்ததுபோல மீசையைத் தடவிக்கொண்டான். மறுநாள் வேலியில் நீலச் சேலை காய்ந்தது. அவள் மாதா படத்தைச் சுவரிலிருந்தே கழற்றி உள்ளறையில் வைத்திருந்தாள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அழகரின் சரக்கு, பொம்மையனின் முதல் கிளாஸ், ஒரு மணி நேரம், பிறகு பாட்டு. நான்காவது வாரம் சிறுமலையில் போலீஸ் ஏறி ஊறல் பானைகளை உடைத்து, அழகரைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தச் சனிக்கிழமை அழகர் அனுப்பியதாகச் சொல்லி ஒரு புது ஆள் இரண்டு டியூபைக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டறைகளில் சனிக்கிழமை கூலி நாள். பெஞ்சு நிரம்பியிருந்தது.

அவள் சரக்கை ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாக எரிந்தது. அதுவரை சரி. டியூபின் வாயை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள், மறுபடியும் மோந்தாள்.

“மூக்குக்குச் சரியாப் படலப்பா. இன்னிக்கு வேணாம். நாளைக்கு வேற ஆளுகிட்ட விசாரிச்சுப் பாப்போம்.”

எல்லோரும் முனகினார்கள். அவள் நாக்கில் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் துப்பியிருப்பாள். நோன்பு என்பதால் வைக்கவில்லை. அந்த இடத்தில் யாராவது ஒருவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் மற்றவர்களும் பின்னாலேயே போயிருப்பார்கள். நான்தான் பேசினேன்.

“தீ நீலமாத்தானக்கா எரியுது? பொம்மையன் குடிக்கட்டும், ஒரு மணி நேரம் பாப்போம். ஏதாச்சும் ஆனா ஊத்திருவோம். வழக்கம் அதானே?”

அவள் பொம்மையனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தான். குடித்தான், உதட்டைத் துடைத்தான், “கொஞ்சம் காரம், வேறொண்ணுமில்ல” என்றான். நாங்கள் காத்திருந்தோம். முக்கால் மணி நேரத்தில் பாட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு மணி நேரம் முடிந்து அவள் எல்லோருக்கும் ஊற்றி வைத்த நேரத்தில் ரயில் நிலையத்து போர்ட்டர் என்னைத் தேடிக்கொண்டு சந்துக்குள் வந்தான். ராத்திரி முறைக்கு வரவேண்டிய கிளார்க்குக்குக் காய்ச்சல், நான் உடனே போயாக வேண்டும். இவ்வளவு நேரம் காத்திருந்தும் வாய் நனையாமல் போகிறோமே என்று என் தலைவிதியை வைதுகொண்டே எழுந்தேன். எனக்கு முன்னால் ஊற்றி வைத்திருந்த கிளாஸை நூர் அகமது தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தோல் கொட்டகையில் மேஸ்திரி, வாயாடி, என்னைவிட இரண்டு வயது இளையவன். “நீங்க போங்கண்ணே, ஒங்க பேரச் சொல்லி நான் குடிக்கிறேன்” என்று சிரித்தான்.

அந்த மாதிரி விஷம் ஒரு மணி நேரத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அரை நாள் கழித்து, சில சமயம் ஒரு நாள் முழுதும் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இதைக் கோர்ட்டில் டாக்டர் சொன்னபோதுதான் நான் அறிந்தேன். பத்து வருடமாக நாங்கள் நம்பிய அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. எங்களைக் காப்பாற்றி வந்தது அவள் நாக்கு மட்டும்தான், அதைத்தான் நான் அன்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராகக் கண் மங்குகிறது என்றார்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் நான்கு பேர் போய்விட்டார்கள். பொம்மையன் இரண்டாவதாகப் போனான். நூர் அகமதுவுக்கு உயிர் தங்கியது, இரண்டு கண்ணும் போயிற்று. செபாஸ்தியம்மாள் எங்கேயும் ஓடவில்லை. போலீஸ் வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாளாம்.

கோர்ட்டில் அவளுக்கு எதிராக நின்றது அவளுடைய வழக்கமேதான். எப்போதும் முதல் கிளாஸைத் தானே குடிக்கிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் குடிக்கவில்லை என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். விஷம் என்று தெரிந்துதான் குடிக்கவில்லை என்றார். நோன்பு என்றாள். சாராயம் விற்க நோன்பு தடையில்லை, குடிக்க மட்டும் தடையா என்று அவர் திருப்பிக் கேட்டதும் பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். நூர் அகமதுவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கூண்டில் ஏற்றினார்கள். “அவ தெரிஞ்சேதான் கொடுத்தா” என்று சொன்னான். வேறு யார் இருந்தார்கள் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருப்பவன் யாரையாவது நினைத்துக் கோபப்படத்தானே வேண்டும்.

நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னதையும், நாங்கள் கேட்காததையும் சொல்ல ஊரில் கண் தெரிந்த, உடம்பு நன்றாக இருந்த ஒரே ஆள் நான். எழுந்து நின்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் சாராய வீட்டில் இருந்தேன் என்று ஆகும், வேலை போகும், கேஸ் வரும். சாணார்பட்டியில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி எண்ணி எண்ணி நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டேன். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு இன்னொருவர் வேண்டாம். அன்று வேறு யாரெல்லாம் அங்கே இருந்தார்கள் என்று ஜட்ஜ் அவளைக் கேட்டார். செத்த நாலு பேர், கண் போன ஒருவர், வேறு யாரும் இல்லை என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு வருடம் போட்டார்கள். வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

குடியை விட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கிளாஸைப் பார்த்தாலே பொம்மையன் நீட்டிய கைதான் தெரிந்தது.

1967ஆம் வருடம், மழை நின்ற ஒரு காலையில், பார்சல் ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவி நின்றாள். தலை முழுக்க நரை, முன் பல் இல்லை. “அப்பு” என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. நன்னடத்தைக்காக முன்னமே விட்டுவிட்டார்களாம், சித்தையன்கோட்டையில் தம்பி வீட்டுத் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருக்கிறாளாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையால் தடுத்தாள்.

“அதெல்லாம் போகட்டும். நீயாச்சும் நல்லா இருக்கியே. ஒண்ணே ஒண்ணு எனக்குச் செய்யணும்.”

“சொல்லுங்கக்கா.”

“ஊரு என்னமும் நெனைக்கட்டும். பொம்மையன் பொண்டாட்டி பேச்சாயி மட்டும் நான் தெரிஞ்சு கொடுத்தேன்னு நெனைக்கக் கூடாது. ஜெயில்ல ஆறு வருசமும் அவ மொகந்தான். கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டு எறங்கும்போது என்னய ஒரு பார்வ பாத்தா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவா. வேணாம்னு நான் சொன்னேன்ல? அத மட்டும் சொல்லு. ஒன் பேரு அதுல வர வேணாம். எவனோ சொன்னான்னு சொல்லிக்க.”

அப்போதும் என்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் கேட்டாள்.

பேச்சாயி ஊருக்கு மேற்கே ஒரு குடிசையில் இருந்தாள். பூக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நான் போனபோது வாசலில் சாக்கு விரித்துக் கோழிக்கொண்டைப் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்கவில்லை. “உக்காருங்க” என்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். செபாஸ்தியம்மாள் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னாள், அவளுக்குத் தெரியாது, நோன்பினால்தான் வாயில் வைக்கவில்லை என்றேன். எவனோ ஒருவன்தான் வற்புறுத்தினான் என்று, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. நாரை இழுத்து முடிந்துகொண்டே பேசினாள்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்ங்க. கண்ணு தெரியாமப் படுத்துக் கெடந்தப்ப அவரே சொன்னாரு. அந்தம்மா வேணாம்னு சொல்லுச்சு, பார்சல் ஐயாதான் குடிக்கச் சொன்னாருன்னாரு. கோர்ட்டுல என்னய எங்க குடிச்சான்னு கேட்டாக, சொன்னேன். போகச் சொல்லிட்டாக. வேற ஒண்ணும் கேக்கல.”

“யாரு பார்சல் ஐயான்னு…” என்று இழுத்தேன்.

“அவரு கருமாதி முடிஞ்சு ரெண்டு தடவ டேசனுக்கு வந்தேன். ஒங்க ஜன்னல்ல நின்னேன். என்ன வேணும்னு கேட்டீங்க. மொகத்தப் பாத்ததும் ஒண்ணும் கேக்கத் தோணல. வந்துட்டேன்.”

“அந்தம்மா பாவம், நீ தப்பா நினைக்கிறன்னு ஆறு வருசமா…” என்று தொடங்கினேன்.

“நான் அந்தம்மாவத் தப்பா நெனைக்கல. அன்னைக்கு கோர்ட்டுல நான் பாத்தது பின்னால உக்காந்திருந்த ஒங்கள. அந்தம்மா நடுவுல நின்னுச்சு.” பூச்சரத்தை உதறிக் கூடையில் வைத்தாள். “எந்திரிங்க. வெயிலுக்கு முன்னால நான் கடைவீதிக்குப் போகணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பேச்சாயிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அந்தப் பார்வை உங்களுக்கு இல்லை, எனக்கு. ஆறு வருடம் நீங்கள் என் பங்கைச் சுமந்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். செபாஸ்தியம்மாள் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு வரப்பு மேல் ஓடிவந்தாள். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

“சொன்னியா அப்பு? என்ன சொன்னா?”

“சொன்னேங்க்கா” என்றேன். “நம்பிட்டா.”

அவள் வரப்பிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, மண் ஒட்டிய கையால் என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

“ஒன்னாலதான் அப்பு. நீ நல்லா இருப்ப” என்றாள்.

நான் தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டேன்.